புதிய அணுச் சிகிச்சையும் மார்பகப் புற்றுநோயும்

அல்சூரில் நம் குடும்பங்களிடையே சில காலமாக ஒரு பேச்சு உலவி வருகிறது. நோயாளியின் இரத்தத்தையே எடுத்து மருந்தாக்கித் திரும்ப ஏற்றும் சிகிச்சை பெங்களூரிலேயே நடக்கிறதாம். மார்பகப் புற்றுக்கும் அது கைகண்டதாம். முன்னது மெய், பின்னது இன்னும் மெய்யாகவில்லை. நகைகளை விற்றேனும் முயலலாமா என்று வினவுவோர் நம்மிடையே இருத்தலின், இதனைச் சற்று விளக்க விழைகிறோம். நாம் ரயில்வேக் கணக்கரேயன்றி மருத்துவர் அல்லோம் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

இரத்தத்தின் வெள்ளணுக்களில் டி அணு என்பது ஒரு வகை. உடலெங்கும் சுற்றிவந்து நோயுற்ற அணுக்களைக் கொல்வது அதன் தொழில். புற்றணுவோ நம் சொந்த அணுவே திரிந்து உண்டானதாகையால், காவலரின் கண்ணுக்குப் பலகால் தப்பிவிடுகிறது. ஆகவே டி அணுக்களைப் பிரித்தெடுத்து, புதிய மரபுக்கூறு ஒன்றை அவற்றுட் புகுத்தி, பெருக்கி, மீண்டும் ஏற்றுகின்றனர். பார்சல் ஆபீஸில் முகவரிச் சீட்டைப் பார்த்து மூட்டையைப் பொறுக்குவது போல, அவை குறிப்பிட்ட அடையாளம் தாங்கிய அணுக்களைத் தேடிச்சென்று அழிக்கின்றன. இதற்குக் கார்-டி சிகிச்சை என்று பெயர்.

பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் கூடி உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்பதற்கு 2023 அக்டோபரில் இந்திய அரசின் அனுமதி கிடைத்தது. பெங்களூர் இம்யூனீல் நிறுவனம் 2025 ஜனவரியில் தன் மருந்தை வெளியிட்டது. இரண்டும் பி அணுக்களில் தோன்றும் புற்றுக்கே உரியவை. அவற்றின் சீட்டு சிடி19. நல்ல பி அணுக்களும் அதே சீட்டைத் தாங்குவதால் உடன் அழியும். ஆயினும் அவையின்றி மனிதர் மருத்துவ உதவியுடன் வாழ இயலும்.

மார்பகக் கட்டியில் இத்தகைய வசதி இல்லை. 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கை இதனைத் துயரத்துடன் காட்டிற்று. குடற்புற்று முற்றிய நோயாளி ஒருவருக்கு, ஹெர்-2 என்னும் அடையாளத்தைத் தேடும் அணுக்களை ஏற்றினர். சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டிற்று. ஐந்தாம் நாள் உயிர் பிரிந்தது. நுரையீரலிலும் அவ்வடையாளம் சிறிது இருந்ததே காரணம் என மருத்துவர்கள் கருதினர். சில மார்பகப் புற்றுகளிலும் மிகுந்து காணப்படுவது இந்த ஹெர்-2 தான்!

மிகக் கடினமானது, ஹெர்-2 மிகுதியும் இல்லாமல், இரு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத வகை. ஹார்மோன் மாத்திரைகள் அதற்குப் பயன்படா. அதற்கென வேறு அடையாளங்களை நாடி அமெரிக்காவில் சோதனைகள் நடந்துள்ளன. கட்டிக்குள் அணுக்கள் நுழைவதே அரிதாயிருக்க, நுழைந்தவையும் விரைவில் சோர்ந்துவிடுகின்றன. இன்றைக்கு அறுவை, கீமோ மருந்து, கதிரியக்கம் ஆகியவையே பெரும்பாலார்க்குத் துணை. சிலருக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசியும் உண்டு.

எவரேனும் கார்-டி சோதனையிற் சேர அழைத்தால், சம்மதப் பத்திரத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். நோயாளிக்கு விளங்கும் மொழியில் அது இருத்தல் வேண்டும் என்பது விதி. இந்தியச் சோதனைப் பதிவேட்டின் எண்ணையும் கேட்கலாம். 2009 ஜூன் முதல் அப்பதிவு கட்டாயமாகும்.