படகின் விதைநெல்



கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களுக்கு ஒரு புறம் கடல். மறு புறம் வயல். எத்துணை வறுமை வந்துற்றபோதும் வயல் செய்வோர் விதைநெல்லைக் குற்றி உண்ணார். உண்டுவிட்டால் அடுத்த போகம் இல்லை. கடலிற் செல்லும் இயந்திரப் படகிலும் அத்தகைய விதைநெல் ஒன்று உண்டு. இயந்திரத்தை முதலிற் சுழற்றிவிடும் பற்றரியின் மின்சாரமே அது. அதனைக் காக்கும் வகை பற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

பாய் விரித்துச் சென்ற காலத்தில் மீனவர்க்குக் காற்றே துணை. 1958ஆம் ஆண்டளவில் இலங்கையின் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் முயற்சி தொடங்கிய பின்னர் நிலைமை மாறிற்று. சிறு வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கயிறு இழுத்து இயக்கலாம். பலநாள் கடலில் தங்கும் படகின் பெரிய டீசல் இயந்திரத்தையோ கையாற் சுழற்றுதல் அரிது. அது இயங்க மறுத்தால் நேர்வது யாது? கச்சான் வீசுங்காலத்தில் காற்றுத் தரையிலிருந்து வந்து படகை ஆழ்கடலுக்குத் தள்ளும். வாடைக் காலத்திலோ அலை மோதும் கரையை நோக்கித் தள்ளும். 2013ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஒலுவில் துறைமுகத்தின் வாயிலில் மணல் சேர்ந்து படகுகள் இடர்ப்பட்ட காலங்கள் உண்டு. அத்தகைய இடத்தில் இயந்திரம் ஓய்ந்தால் சிந்திக்கவும் நேரமிராது. பழைய பாய்மரப் படகில் துணை இயந்திரம் பூட்டியிருப்போர்க்கும் இது பொருந்தும்.

டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மிக இறுக்கமாக அமுக்கப்படும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. மெல்லச் சுழற்றினால் காற்றுக் கசியும். வெப்பமும் உருளைச் சுவரில் இறங்கிவிடும். ஆகவே விரைந்து சுழற்றுதல் வேண்டும். இதற்குத் தொடக்க மோட்டருக்கு ஒரு சில விநாடிகளே மின்சாரம் தேவை. ஆயினும் அந்த விநாடிகளில் அது நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை ஈர்க்கும்.

இங்கே சிறு கணக்கொன்று பார்ப்போம். மோட்டர் 300 அம்பியரை மூன்று விநாடி பெற்றால் செலவாவது கால் அம்பியர்-மணி மட்டுமே. 12 வோல்ட்டில் 12 வாற்று விளக்கு ஒன்று ஓர் அம்பியர் பெறும். அத்தகைய ஐந்து விளக்குகள் பத்து மணி நேரம் எரிந்தால் 50 அம்பியர்-மணி செலவாகும். இருநூறு முறை இயந்திரத்தைத் தொடக்கப் போதுமான மின்சாரம் ஓரிரவில் விளக்குக்கே போய்விட்டது! எஞ்சிய மின்சாரம் மங்கலாக விளக்கை எரிக்கும். மோட்டரைச் சுழற்றும் விசையை மட்டும் தராது. விளக்கு எரிகின்றதே என்று நம்பியிருப்பது இதனாலேயே ஏமாற்றமாய் முடிகின்றது.

ஆதலின் பற்றரிகளை இரு பிரிவாக வைத்தல் நன்று. ஒன்று தொடக்கத்துக்கு மட்டும் உரியது. மெல்லிய தகடுகள் பல கொண்ட இது பெருமின்னோட்டத்தைக் கணத்தில் தரும். ஆழ வற்றினாற் கெட்டுவிடும். மற்றது தடித்த தகடுகள் கொண்டது. விளக்கு, தொடர்புக் கருவி, நீரிறைக்கும் பம்பி ஆகியவற்றுக்கு உரியது. இரண்டையும் ஓர் ஆளி பிரித்து வைக்கும். ஆபத்து வேளையில் மட்டும் இரண்டையும் இணைத்துக் கொள்ளலாம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் பற்றரிகளின் ஆளியை முற்றாக அணைத்துவிடலாகாது. மின்பிறப்பாக்கியின் உறுப்புகள் பழுதுறக்கூடும்.

பற்றரி நல்லதாயினும் வடம் மெல்லியதாயின் பயனில்லை. வடத்திலும் இணைப்புகளிலும் நூற்றிலொரு ஓம் தடை இருந்தாற்கூட, 300 அம்பியர் பாயும்போது மூன்று வோல்ட் அங்கேயே இழக்கப்படும். பன்னிரண்டில் ஒன்பதே மோட்டரைச் சேரும். ஆகவே வடம் தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். உப்புக் காற்றினால் முனைகளிற் படியும் வெண்மையும் பச்சையுமான படிவைச் சோடாத்தூள் கரைத்த வெந்நீராற் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுக. சோடாநீர் கலத்தினுள் புகாதிருத்தல் அவசியம்.

பற்றரி நிறைந்துள்ளதா என அறிவது எளிது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் 12.6 வோல்ட்டுக்குக் குறையாதிருப்பின் அது நிறைந்தது. 12.2 எனின் ஏறக்குறையப் பாதி. நீரமானி கொண்டு அமிலத்தின் அடர்த்தியை அளந்தால் நிறைந்த கலம் 1.265 அளவைக் காட்டும். குறையும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே இடுக. கடல்நீர் கலத்துட் புகுந்தால் நச்சு வாயுவாகிய குளோரீன் எழும். மின்னேற்றும்போது வெளிப்படும் ஐதரசன் வெடிக்கவல்லது. ஆகவே பற்றரிப் பெட்டிக்குக் காற்றோட்டம் தேவை. அருகில் நெருப்பு ஆகாது. அலையிற் புரளாதவாறு அதனை இறுகக் கட்டிவைத்தலும் வேண்டும்.

விசையை அழுத்தியதும் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் எழுந்தால் முதலில் முனைகளையும் பற்றரியையும் நோக்குக. மோட்டர் விரைந்து சுழன்றும் இயந்திரம் இயங்காவிடின் குறை எரிபொருட் குழாயில் இருக்கலாம். மீண்டும் மீண்டும் அழுத்திக் கொண்டேயிருப்பின் மோட்டர் சூடேறும், பற்றரியும் வறிதாகும். பத்து விநாடிக்கு மேல் அழுத்தாது, சிறிது ஆறவிட்டுக் காரணத்தைத் தேடுவதே முறை.

புறப்படுமுன் எரிபொருளையும் பனிக்கட்டியையும் குடிநீரையும் கணக்கிடுவோர் பற்றரியையும் அளந்து பார்ப்பாராக. அதற்கு ஐந்து நிமிடம் போதும். விளக்கு மங்கினாலும் இருளில் ஓரிரவைக் கழித்துவிடலாம். இயந்திரத்துக்கென ஒதுக்கிய பற்றரியில் மட்டும் கை வைத்தலாகாது.