கப்பலில் வந்திறங்கும் சர்க்கார்

தன் தலைநகரத்துக்கு வெகுதூரத்தில் வசிக்கும் பிரஜைக்கு ஒரு ராஜாங்கம் செய்தே தீரவேண்டிய காரியங்கள் சில உண்டு. பாஸ்போர்ட் கொடுப்பது, பிறப்பையும் விவாகத்தையும் பதிவு செய்வது, பத்திரங்களுக்கு அத்தாட்சி அளிப்பது, துன்பம் நேர்ந்தபோது வந்து விசாரிப்பது ஆகியவை அவை. அந்நிய நாட்டுப் பட்டணங்களில் இவற்றைச் செய்யும் கான்ஸலுக்குக் கட்டிடமும் கொடியும் சிப்பந்திகளும் இருப்பார்கள். விமானம் இறங்க இடமும், கப்பல் அணையத் துறைமுகமும் இல்லாத தீவிலோ காரியாலயமே கப்பலேறி வரவேண்டியிருக்கிறது. அதிகாரியும் அவருடைய முத்திரையும் தஸ்தாவேஜுப் பெட்டியும் படகில் இறங்குகின்றன. வேலை முடிந்ததும் திரும்ப ஏறிவிடுகின்றன. இவ்வேற்பாட்டின் நன்மையை நாம் மறுக்கவில்லை. கப்பல் எதைக் கொண்டுவரக் கூடும், எதைக் கொண்டுவர இயலாது என்பதே நாம் ஆராய விரும்பும் விஷயம்.

கொண்டுவரக்கூடியதற்கு ஓர் உதாரணம் டோக்கலாவ். பசிபிக் சமுத்திரத்தில் ஸமோவாவுக்கு வடக்கே மூன்று பவளத்தீவுகள்; சுமார் 1,500 ஜனங்கள்; நியூஜீலந்துப் பிரஜைகள். ஸமோவாவின் தலைநகரான அப்பியாவிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தே அங்கு போய்ச் சேரலாம். இவர்கள் சுயாட்சி பெறவேண்டுமா என்பதைக் குறித்து 2006-லும் 2007-லும் ஜனவாக்கு எடுக்கப்பட்டது. வாக்குப்பெட்டி கப்பலேறித் தீவுக்குத் தீவு சென்றது. ஐக்கிய நாடுகளின் பார்வையாளரும் கூடவே சென்றனர். முதல் தடவை நூற்றுக்கு அறுபது பேர் ஆம் என்றனர். இரண்டாம் தடவை அறுபத்துநான்கு பேர். மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்பது நிபந்தனை. பதினாறு வாக்குக் குறைவால் காரியம் நின்றுபோயிற்று. தீர்ப்பு எவ்வாறாயினும், ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு கப்பல் போனது மெச்சத்தக்கது. இத்தகைய பணிக்குக் கப்பல் போதும்.

நிற்க. டோக்கலாவுக்குக் கிழக்கே வெகுதூரத்தில், அதே சமுத்திரத்தில், பிட்கேர்ன் என்ற பிரிட்டிஷ் தீவு இருக்கிறது. 1789-ல் பவுண்டி என்னும் கப்பலில் கலகம் செய்த மாலுமிகள் ஒன்பது பேர் தாஹித்தி நாட்டு ஸ்திரீ புருஷர்களுடன் 1790-ல் குடியேறிய இடம் அது. இன்று அங்கே ஐம்பது பேர்கூட இல்லை. பிரெஞ்சு ஆதிக்கத்திலுள்ள மங்கரேவா என்னும் தீவிலிருந்து ஒன்றரை நாள் கப்பற்பிரயாணம். பிறகு நீண்ட படகில் இறங்கி அலையோடு போராடிக் கரைசேரவேண்டும்.

இத்தீவுக்குச் சட்டம் வந்ததே ஒரு கப்பலில்தான். 1838-ம் வருஷம் நவம்பர் மாதம் ஃப்ளை என்ற யுத்தக் கப்பலின் தலைவரான ரஸ்ஸல் எலியட் அங்கு வந்தபோது, திமிங்கில வேட்டைக் கப்பல்களின் மாலுமிகள் செய்யும் தொல்லையைச் சொல்லி ஜனங்கள் முறையிட்டனர். அவர் சுருக்கமான ஓர் அரசியல் சாசனத்தை எழுதிக் கொடுத்தார். வருஷந்தோறும் ஒரு மாஜிஸ்திரேட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்கு உண்டு. குழந்தைகள் கட்டாயமாகப் படிக்கவேண்டும். இங்கிலாந்தில் ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்தது 1928-ல் என்பதை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும். தொண்ணூறு வருஷம் முந்திக்கொண்ட அக்கப்பல் தலைவரை நாம் மனமார வியக்கிறோம். ஆனால் சாசனத்தைக் கொடுத்துவிட்டு அவர் பாய் விரித்துப் போய்விட்டார். எழுதிய சட்டம் தீவில் தங்கிற்று; அதை நிறைவேற்றத் தீவுக்கு அந்நியரான ஒருவர் தங்கவில்லை.

பின்னர் அத்தீவு பிஜியிலிருந்த ஹைகமிஷனரின் பொறுப்பில் வந்தது. பிஜி 1970-ல் சுதந்திரம் பெறவே, நியூஜீலந்திலுள்ள பிரிட்டிஷ் ஹைகமிஷனரே கவர்னருமானார். ஒரு ராஜதந்திரி வேறொரு தேசத்தின் தலைநகரில் உட்கார்ந்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜனங்களை ஆளுகிறார்! 1940-ல் தீவுக்கென்று தபால் தலைகள் வெளியாயின. உலகமெங்கும் தபால் தலை சேர்க்கும் பள்ளிப்பிள்ளைகள் பிட்கேர்னை அறிவார்கள். அரசரின் முகம் அங்கே ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. போலீஸ்காரர் ஒருவர் போய்ச் சேர்ந்து தங்குவதற்கு வழியில்லை.

இதன் பலன் 1999-ல் வெளிப்பட்டது. தற்காலிகமாக அங்கு வந்திருந்த பிரிட்டிஷ் போலீஸ் உத்தியோகஸ்தரான ஒரு ஸ்திரீயிடம் ஒரு சிறுமி வாய்திறந்தாள். விசாரணை தொடங்கியதும், 1960-களிலிருந்தே சிறுமிகள்மீது நடந்துவந்த பலாத்காரக் குற்றங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 2004-ல் நீதிபதிகளும் வக்கீல்களும் பத்திரிகை நிருபர்களும் கப்பலில் வந்திறங்கி, தீவிலேயே நியாயஸ்தலம் கூடிற்று. எழுவர்மீது வழக்கு, அறுவர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. அவர்களில் ஒருவர் அத்தீவின் மேயர்!

பிரதிவாதிகள் பிரிவி கவுன்சில்வரை சென்றனர். 1949 வரையில் நம் தேசத்து அப்பீல்களும் போய்க்கொண்டிருந்த அதே நியாயசபை. ஆங்கிலச் சட்டம் தங்கள் தீவில் முறையாகப் பிரசுரமாகவே இல்லை என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. வக்கீல் தொழிலை அறிந்த நாம் அவ்வாதத்தைக் கேட்டுச் சிரிக்கமாட்டோம். அறிவிக்கப்படாத சட்டத்தால் ஒருவனைத் தண்டிப்பது அநீதியென்பது நல்ல நியாயமே. ஆயினும், தாங்கள் செய்தது குற்றமென்று அவர்கள் அறிந்தே இருந்தனர் என்று கண்டு, 2006-ல் பிரிவி கவுன்சில் அப்பீல்களைத் தள்ளிவிட்டது. அது சரியான தீர்ப்பென்றே நாம் கருதுகிறோம்.

சட்டம் தெரியாது என்று ஆண்கள் வாதிக்க இடமிருந்ததென்றால், தன்னைக் காக்கச் சட்டம் ஒன்று இருக்கிறதென்று அத்தீவுச் சிறுமிக்கு எவர் சொல்லியிருக்கக்கூடும்? வந்துபோகும் அதிகாரி, தன்னை வரவேற்க நிற்பவர்களையே காண்கிறார். படகு ஓட்டி அவரைக் கரைசேர்ப்பவரும், விருந்து வைப்பவரும், மனு கொடுப்பவரும் ஊர்ப் பெரியோரே. அவர்கள்மீது புகார் சொல்லவேண்டிய பெண், கப்பல் போனபிறகும் அவர்களோடேயே வாழவேண்டியவள். நாலு நாளில் திரும்பும் முத்திரைக்காரரிடம் அவள் என்ன சொல்லுவாள்?

ஐம்பது பேருக்கு ஒரு போலீஸ் உத்தியோகஸ்தரா என்று செலவுக்கணக்குப் பார்ப்போர் கேட்பதுண்டு. நீதிபதிகளையும் வக்கீல்களையும், சாட்சியங் கேட்கும் யந்திரங்களையும் அவ்வளவு தூரம் கொண்டுபோன செலவுக்கு, ஓர் உத்தியோகஸ்தரை எத்தனை வருஷம் தீவில் வைத்திருக்கலாமென்று அவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஜனத்தொகை குறைந்தால் ராஜாங்கத்தின் கடமையும் குறையுமென்று எந்தச் சாசனத்திலும் எழுதியிருக்கவில்லை.

அந்த வழக்கை ஒட்டியே வெளியிலிருந்து போலீஸ் உத்தியோகஸ்தரும், குடும்ப நலம் கவனிக்கும் உத்தியோகஸ்தரும் தீவில் தங்கும்படி நியமிக்கப்பட்டார்கள். பிரஜா உரிமைகளை வகுத்துக் கூறும் புதிய அரசியல் சாசனம் 2010-ல் வந்தது. சாட்சி சொன்ன பெண்களில் பெரும்பாலோர் அதற்கு வெகுநாள் முன்பே தீவைவிட்டுப் போய்விட்டிருந்தனர். ஆக்லாந்திலிருந்து ஆகாயவழித் தொடர்பின் மூலமாகவே அவர்களுடைய குரல் தாய்த்தீவின் நியாயஸ்தலத்தில் கேட்டது.