தோற்றது நானா... கேம் தோற்கடித்ததா?

உச்சிப்புளியிலிருந்து தெற்கே கடலை நோக்கிப் போனால் புதுமடம். மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் ஊர். ராமநாதபுரம் கடலோரத்தின் பல ஊர்களைப் போல இங்கும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். காக்கா துபாயில், தம்பி ஊரில் என்று பிரிந்து கிடக்கும் குடும்பங்களில், இருவரும் ஒரே மைதானத்தில் பந்து உதைக்க இப்போது ஒரு மொபைல் போதும். இ-ஃபுட்பால், இ.ஏ. நிறுவனத்தின் ஃபுட்பால் கேம், சென்னையில் உருவான வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் என்று விரல் நுனியில் விளையாட்டுகள் காத்திருக்கின்றன.

ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் வாயிலிருந்து வரும் முதல் வசனம், துபாய் என்றாலும் புதுமடம் என்றாலும் ஒன்றுதான். ‘நான் எங்கப்பா தோத்தேன்... கேம்தான் என்னைத் தோக்கடிச்சிருச்சு!’

சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால், இதே குற்றச்சாட்டு அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

சமநிலை என்னும் தராசு

கேரம் போர்டில் ஒருவருக்கு மட்டும் கனமான ஸ்ட்ரைக்கர் கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்த நாளிலிருந்து எல்லோரும் அந்த ஸ்ட்ரைக்கரையே கேட்பார்கள். ஆன்லைன் கேம்களிலும் இதுதான் சிக்கல். ஒவ்வொரு வீரருக்கும் வேகம், ஷாட், பாஸ் என்று மதிப்பெண் உண்டு. அந்தக் கணக்கில் ஏதாவது ஒன்று சற்றே தூக்கலாகிவிட்டால், எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஆட்டத்தின் சுவையே போய்விடும்.

2022-ல் வெளியான ஃபிஃபா 23 கேமில் இது நடந்தது. வீரர்கள் வேகமெடுக்கும் விதத்தை அதில் மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள். அவற்றில், மெதுவாகத் தொடங்கி நீண்ட தூரம் ஓடி வேகம் பிடிக்கும் வகை, எதிர்பார்த்ததைவிட வலுவாக அமைந்துவிட்டது. நெடுநெடுவென்று உயரமான தடுப்பாட்டக்காரர்கள், துடிப்பான முன்களவீரர்களையே ஓடிப் பிடித்தார்கள். பிறகு வந்த அப்டேட்டில் நிறுவனம் அந்தப் பலத்தைக் குறைத்தது.

ஆட்டத்துக்கு அது நல்லதுதான். ஆனால், அந்த பலத்துக்காகவே காசு போட்டு அந்த வீரரின் கார்டை வாங்கியவர் நிலைமை? நேற்று வாங்கிய பொருள் இன்று மதிப்பிழந்துவிடுகிறது. ‘சமநிலை’ என்பது வெறும் எண்ணிக்கை விவகாரம் அல்ல, பாக்கெட் விவகாரமும்கூட. அதனால்தான் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று சொல்வது நிறுவனத்தின் கடமையாகிறது.

கோர்ட் படியேறிய சந்தேகம்

ஆடுபவரின் திறமைக்கேற்ப ஆட்டத்தின் சிரமத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் தொழில்நுட்பம் ஒன்றுக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. ‘இதை ஃபிஃபாவில் ரகசியமாகப் பயன்படுத்துகிறார்கள். தோற்கவைத்து, வெறியேற்றி, இன்னும் கார்டு வாங்கவைக்கிறார்கள்’ என்று 2020 நவம்பரில் கலிஃபோர்னியாவில் மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் அதை மறுத்தது.

2021 தொடக்கத்தில் அந்த வழக்கு வாபஸ் ஆனது. தொழில்நுட்ப விவரங்களைக் கொடுத்து, தங்கள் இன்ஜினீயர்களுடன் நேரில் பேசவும் வாய்ப்புத் தந்ததாக நிறுவனம் சொன்னது. அதன் பிறகே வழக்கு முடிவுக்கு வந்தது. வழக்குப் போட்டவர்களுக்கு விளக்கம் கிடைத்தது. உலகம் முழுக்க விளையாடும் கோடிக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது ‘அப்படியெல்லாம் இல்லை’ என்ற பதில்தான். அதனால்தான் அந்தச் சந்தேகம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மன்னிப்புக் கேட்ட ஜப்பான்காரர்கள்

இருபது ஆண்டுகள் ‘ப்ரோ எவல்யூஷன் சாக்கர்’ என்ற பெயரில் கொடிகட்டிப் பறந்தது ஜப்பானின் கோனாமி நிறுவனம். 2021-ல் பெயரை இ-ஃபுட்பால் என்று மாற்றி, செப்டம்பர் 30-ம் தேதி இலவசமாக வெளியிட்டது. வீரர்களின் முகங்கள் கோணலாகத் தெரிந்தன, ஆட்டம் தடுமாறியது. ரசிகர்கள் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள்.

கோனாமி ஒளிந்துகொள்ளவில்லை. மறுநாளே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. முன்பதிவு செய்திருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவசர அவசரமாகக் கொண்டுவரவிருந்த பெரிய அப்டேட்டைத் தள்ளிவைத்து, 2022 ஏப்ரலில் சரிசெய்த வடிவத்தை வெளியிட்டது. ஜூன் மாதம் மொபைலுக்கும் வந்தது. இன்று நம் ஊர் பையன்கள் கையில் இருப்பது, அப்படி அடிவாங்கி எழுந்த கேம்தான்.

அந்த 80 சென்டிமீட்டர்

எல்லாத் தோல்விக்கும் நிறுவனத்தைக் குறைசொல்ல முடியாது. பெரும்பாலான நேரம் வில்லன், சிக்னல். நீங்கள் பட்டனைத் தொட்டதும் அந்தத் தகவல் சர்வருக்குப் போய், எதிராளியின் மொபைலுக்குச் சென்று, அங்கிருந்து பதில் திரும்பி வர வேண்டும். இதில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் வீரர், அந்த நேரத்தில் 80 சென்டிமீட்டர் கடந்துவிடுவார். உங்கள் திரையில் காலடியில் இருக்கும் பந்து, அண்ணன் திரையில் எப்போதோ பறிபோயிருக்கும். மழைக்காலத்தில் டவர் மக்கர் செய்தால் கேட்கவே வேண்டாம்.

இதையும் நிறுவனங்கள்தான் எளிமையாக விளக்க வேண்டும். ஆனால், இ-ஃபுட்பாலில் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன. எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் அந்தப் பத்தியை அப்படியே தள்ளிவிட்டு, ‘ஓகே’ பட்டனைத் தொடுகிறான். சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள், கேட்க வேண்டியவனுக்குத்தான் போய்ச் சேரவில்லை. தமிழ் வர்ணனையோடு கிரிக்கெட் கேம் வந்துவிட்ட காலத்தில், அப்டேட் குறிப்பு மட்டும் தமிழில் வரக் கூடாதா என்ன?

பெற்றோர் கவனத்துக்கு...

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதிக்கும் சட்டம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கார்டு பேக் வாங்குவதில் அப்படிப் பணம் ஜெயிக்க வழியே இல்லை. காசு போகும், திரும்பி வராது. பேக்கைப் பிரித்தால் யார் வருவார் என்பதும் அதிர்ஷ்டம்தான். இதைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-ல் சொன்னது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஃபிஃபா பாயின்ட்ஸ் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்கை மாற்றிவையுங்கள். சிறந்த வீரர் கிடைக்க எத்தனை சதவிகித வாய்ப்பு என்பதை வாங்கும் பக்கத்திலேயே காட்டுவார்கள். அதைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். ‘100 பேக் வாங்கினால் ஒன்று வரலாம், வராமலும் போகலாம்’ என்பதை அவனே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். புதிய கார்டு வந்ததும் பாயாமல், அடுத்த அப்டேட் வரை பொறுக்கச் சொல்லுங்கள். இன்று பறக்கும் வீரர், அடுத்த மாதம் நடக்கவும் கூடும்.

‘கேம் ஏமாத்துது’ என்று பிள்ளை புலம்பினால், மொபைலைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் காதுகொடுங்கள். சிக்னல் பிரச்னையா, அப்டேட்டில் ஏதாவது மாறிவிட்டதா, இல்லை அண்ணன் நிஜமாகவே நன்றாக ஆடினானா? மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, அடுத்த முறை தோற்றதும் ஆத்திரத்தில் கார்டு வாங்க ஓட மாட்டான்.