‘லை’யில் சிக்கிய பஞ்சாலை

அவிநாசி சாலையில் ‘நவ இந்தியா’ நிறுத்தத்தில் இறங்கும் மாணவர்கள் பலருக்கு அது ஒரு நாளிதழின் பெயர் என்று தெரியாது. கோவையிலிருந்து வந்த பத்திரிகை நின்றுபோனது. பெயரை பஸ் கண்டக்டர்கள்தான் காப்பாற்றுகிறார்கள். அதற்கும் முன்னால், 1880களில் சே.ப. நரசிம்மலு நாயுடு இங்கே ‘கலாநிதி’ இதழை நடத்தினார்.

பெயர் தப்பினாலும் பழைய இதழ்கள் தப்புவது கடினம். செய்தித்தாளை யாரும் நூறு வருடம் இருக்கட்டும் என்று செய்வதில்லை. மரத்தை அரைத்துச் செய்யும் மலிவுத் தாளில் லிக்னின் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். தாளில் சேரும் அமிலம் செல்லுலோஸ் இழைகளை அறுத்துக்கொண்டே போகும். பழைய இதழைப் பிரித்தால் மடிப்பிலேயே முறிவது அதனால்தான்.

போட்டோகிராபர்களின் பழைய அசெட்டேட் நெகட்டிவ்கள் இன்னும் மோசம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளியேறும் அசெட்டிக் அமிலமே சிதைவை மேலும் விரட்டும். பக்கத்து நெகட்டிவையும் கெடுக்கும். பத்திரிகையில் அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் போதாதா? போதாது. அது பிளாக் செய்து, புள்ளிகளாக உடைத்து அச்சிட்ட படம். ஸ்கேனரின் கட்டங்களும் அந்தப் புள்ளிகளும் மோதினால் முகத்தின் மேல் அலையலையாகக் கோடுகள் விழும். தவிர, புள்ளியாக்கும்போது தொலைந்த நுணுக்கம் நெகட்டிவில் மட்டுமே இருக்கிறது.

ஸ்கேன் செய்தாயிற்று, இனித் தேடலாம் என்றால் அடுத்த சிக்கல். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ உள்ளிட்ட 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம். ‘லை’க்கு முன்னால் கொம்பு கிடையாது, தலையிலேயே யானைத் துதிக்கை. இன்றைய எழுத்தில் மட்டும் பழகிய எழுத்துணரி மென்பொருள் இதில் தடுமாறுகிறது. கோவைக்கு இது சின்ன விஷயமல்ல. பஞ்சாலை, வேலைநிறுத்தம், பஞ்சு விலை என எல்லாவற்றிலும் ‘லை’ இருக்கிறதே! இந்த ஊரின் முக்கால்வாசி கதை தேடலுக்கு அகப்படாமல் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், ஈரோட்டில் 1925இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் 1936இன் ‘குடி அரசு’, 1970இன் நாளிதழைவிடக் கணினிக்கு எளிது. பழைய வடிவங்களைத் தனியாகப் பயிற்றுவித்தால் சிக்கல் தீரும். அதற்குக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்த மாதிரிப் பக்கங்கள் வேண்டும். கல்லூரித் தமிழ்த் துறைகள் செய்யக்கூடிய வேலை அது.

கணினியில் ஏற்றியதும் மூலத்தை எடைக்குப் போடுவதுதான் பெரிய தவறு. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பில் உருவான சென்னை நூலகம் மைக்ரோபிலிமும் எடுத்துவைத்தது. சரியாகப் பாதுகாத்தால் அது நூற்றாண்டுகள் தாங்கும். ஹார்டுடிஸ்க் சில வருடங்களில் காலைவாரலாம். ஈழத்து ‘நூலகம்’ திட்டம் 2005 முதல் தன்னார்வலர்கள் கைகொடுக்கப் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. கொங்கு நாட்டுக்கென்று அப்படி ஒன்று வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய உள்ளூர்ப் பத்திரிகையோ நெகட்டிவோ இருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். வெயிலும் ஈரமும் படாமல் வைத்து, எடைக்குப் போடும் முன் ஒரு நூலகத்திடம் கேளுங்கள்.