சரணாலயத்தில் துப்பாக்கிக்கு அனுமதி, படகுக்குத் தடை: ஏன்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 33,000 ஏக்கரில் பரந்து கிடக்கிறது ஹாரிகான் சதுப்புநிலம். சம்பு மண்டிய நன்னீர்ச் சதுப்புகளில் அந்நாட்டிலேயே பெரியது இதுதான். வடக்கே மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசின் வனவிலங்குப் புகலிடம். தெற்கே மீதி மாநில அரசின் வசம். புகலிடத்துக்குள் பருவகாலத்தில் மான் வேட்டையாடலாம். படகு மட்டும் விடக்கூடாது. வேட்டையைப் பெரும்பாலும் தடுக்கும் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பழகிய நமக்கு இது விநோதம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

புகலிடங்களில் வேட்டை, மீன்பிடிப்பு, வனவிலங்குகளைப் பார்த்தல், படமெடுத்தல், சூழல் கல்வி, இயற்கை விளக்கம் ஆகிய ஆறுக்கும் 1997-இல் வந்த சட்டம் முன்னுரிமை தருகிறது. அதிலும் ஒரு நிபந்தனை: புகலிடம் எதற்காக அமைந்ததோ அதற்கு இடைஞ்சல் கூடாது. படகு சவாரி இந்த ஆறில் இல்லை. 1941-இல் ஹாரிகான் புகலிடம் அமைந்ததே செந்தலை வாத்து உள்ளிட்ட நீர்ப்பறவைகளுக்காக. தண்ணீரில் நிற்கும் சம்புப் புதருக்குள் கூடு கட்டும் பறவை அது. சின்னப் படகு நுழைகிற இடமும் அந்தப் புதரே. அதனால் தூண்டில் போடுவோரும் கரையில் நின்றுதான் போட வேண்டும்.

வேட்டைக்காரர் பணம்

நீர்ப்பறவை வேட்டையாடும் 16 வயது நிரம்பியவர்கள் 25 டாலர் கொடுத்து 'வாத்து முத்திரை' வாங்கியாக வேண்டும். 1934 முதல் நடப்பில் உள்ள ஏற்பாடு. அதில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. நாடெங்கும் பல புகலிடங்களின் நிலம் இப்படி வாங்கப்பட்டதே.

கெட்டு மீண்ட நிலம்

1846-இல் அணை கட்டியதில் ஹாரிகான் ஏரியானது. 1869-இல் அணையை அகற்றியதும் சதுப்பு திரும்பியது. 1910-களில் விவசாயத்துக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். பயிர் தேறவில்லை, காய்ந்த மக்குமண்ணில் தீப்பிடித்ததுதான் மிச்சம். 1930-களில் மறுபடி அணை கட்டி நீரைத் தேக்கிய பிறகே பறவைகள் திரும்பின.

போகிறவர்களுக்கு

ஏறக்குறைய மூன்று மைல் கார்ப்பாதை, நடைபாதைகள், நீர்மேல் மிதக்கும் மரப்பாதை உண்டு. காருக்குள் இருந்தபடி பார்ப்பதே நல்லது. பக்கத்திலேயே மேயும் கனடா வாத்துகள் வண்டியைச் சட்டை செய்யாது. கதவைத் திறந்து ஆள் இறங்கினால் எழுந்து பறந்துவிடும். இலையுதிர்காலத்தில் அவை கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். துடுப்புப் போட்டே தீர வேண்டும் என்பவர்கள் தெற்குப் பகுதிக்குப் போகலாம். மாநில அரசு அங்கே படகை அனுமதிக்கிறது.