மொட்டை டயரின் வெயில் காலம்

காரின் டயர் தேயத் தேய, காய்ந்த சாலையில் அதன் பிடிப்பு குறைவதில்லை. சற்றுக் கூடுகிறது என்றே சொல்லலாம். கேட்க ஏறுக்குமாறாக இருக்கும். ஆனால் ஃபார்முலா ஒன் கார்கள் மழையில்லாத நாளில் மாட்டிக்கொண்டு ஓடும் டயரைப் பாருங்கள். ஒரு கோடுகூட இருக்காது, முழு மொட்டை. பள்ளமே இல்லாதபோது அத்தனை ரப்பரும் சாலையைத் தொடுகிறது. பந்தய டயரின் ரப்பர் வேறு ரகம் என்றாலும் நம் வீட்டுக் காருக்கும் கணக்கு ஏறத்தாழ அதேதான். புது டயரில் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் உயரமான ரப்பர்க் கட்டிகள், அதாவது பட்டன்கள், பிரேக் அடிக்கும்போது நெளியும். தேய்ந்த பட்டன் நெளியாது. ரப்பர் குறைந்துவிட்டதால் டயரை உருட்ட ஆகும் சக்தியும் குறைந்து மைலேஜ் கொஞ்சம் ஏறும்.

ஆகவே கத்திரி வெயிலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "டயர் இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்பவர் பொய் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்த மாதம்தான் தப்பு.

டயரில் பள்ளம் வெட்டியிருப்பது தண்ணீருக்காக. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16.5 சென்டிமீட்டர் அகல டயர், சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். முன்சக்கரம் ஒவ்வொன்றும் நொடிக்கு சுமார் 11 லிட்டர் தண்ணீரைத் தன் பாதையிலிருந்து விலக்கியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசமோ மிகக் குறைவு. 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு 130 சதுர சென்டிமீட்டர் அளவுதான். நான்கையும் சேர்த்தாலும் ஒரு ஏ4 தாளை நிரப்பாது. அந்தப் பரப்பை ஒரு பட்டன் கடந்துபோகும் நேரம் நொடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குள் தண்ணீர் பள்ளத்துக்குள் ஏறி, பின்னாலோ பக்கவாட்டிலோ வெளியேறிவிட வேண்டும். புது டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். அது 1.6 ஆகும்போது கால்வாயில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல இருக்கும் மெல்லிய வெட்டுகள் பல டயர்களில் அதற்கு முன்பே காணாமல் போயிருக்கும்.

வெளியேற வழி கிடைக்காத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்புபோலச் சேர்ந்து அதை மேலே தூக்கிவிடும். டயர் சாலையை விட்டுவிட்டு நீர்மேல் வழுக்கிப் போகும். இதை முதலில் பெரிய தலைவலியாகச் சந்தித்தவர்கள் விமானக்காரர்கள். ஈரமான ஓடுபாதையில் இறங்கிய விமானங்கள் நிற்காமல் போனதால் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் இதை ஆராய்ந்து 1963இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். வழுக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்கிறது அது. கார் டயருக்கு அப்படியே பொருத்துவது தோராயம்தான். இருந்தாலும் விடை கவனிக்கத்தக்கது. 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் வேகம் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர். காற்றடிக்க மறந்து 24க்கு இறங்கிவிட்டால் 82. பள்ளங்கள் வடித்துத் தள்ள முடியாத அளவுக்குத் தண்ணீர் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு செல்லும். ஆழமான பள்ளம் இருக்கும்வரை தூறலிலும் சாதாரண மழையிலும் அந்த நிலை வருவதில்லை. மொட்டை டயருக்குச் சாலையில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே போதும்.

அப்போது ஸ்டீயரிங் திடீரென்று எடையில்லாமல் போகும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் நல்ல மழையில், சென்டர் மீடியனை ஒட்டித் தேங்கியிருக்கும் நீரில் ஒருமுறை இது நேர்ந்தவர் மறக்கமாட்டார். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்க வேண்டும் என்பார்கள். சொல்வது சுலபம்.

சரி, எப்போது மாற்றுவது? நம் மோட்டார் வாகன விதிகள் காருக்குச் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அதே அளவுதான். டயர் செய்பவர்கள் அதை டயருக்குள்ளேயே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில் ஒரு சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் விரலை ஓட்டினால் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். பட்டனும் மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் சட்டப்படி முடிந்தது. அளவு மனதில் பதிய வேண்டுமானால், இரண்டு ஏடிஎம் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். ஏறத்தாழ அந்த இரண்டு அட்டைக் கனம்தான் சட்டம் கேட்கும் ஆழம்.

அது போதுமா? அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2018இல் ஒரு சோதனை செய்தது. ஈரச் சாலை, மணிக்கு 96 கிலோமீட்டர் வேகம், 3.2 மில்லிமீட்டர்வரை தேய்ந்த டயர். அதாவது சட்டம் கேட்பதைப்போல இரண்டு மடங்கு பட்டன் மிச்சமிருந்த டயர். புது டயர் போட்ட கார் நின்ற இடத்தைத் தாண்டி, சராசரியாக 26 மீட்டர் போய்த்தான் அந்தக் கார் நின்றது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. 3 மில்லிமீட்டரிலேயே எல்லோரும் டயரைக் கழற்றினால் நல்ல ரப்பரும் பணமும் வீண் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது, டயர் விற்றே பிழைக்கும் மிஷெலின் நிறுவனம். தேய்ந்த நிலையிலும் நன்றாகப் பிடிக்கும் டயரைச் செய்யவைப்பதே வழி என்பது அதன் கட்சி. ஐரோப்பாவில் புது ரக டயர்களைத் தேய்ந்த நிலையிலும் ஈரச் சாலையில் சோதிக்க வேண்டும் என்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் நம் ஊரில் முடிவைக் காலண்டர் பார்த்து எடுக்கலாம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்குமேல் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள். ஜனவரியில் 3 மில்லிமீட்டர் இருக்கும் டயரை, ஊருக்குள் நாற்பதில் ஓட்டுபவர் கோடை முடியும்வரை தாராளமாக ஓட்டட்டும். அதே டயரோடு தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பி நெடுஞ்சாலையில் நூறைத் தொடுவது வேறு விஷயம்.

ஆழத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு வரக்கூடாது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே ஓரத்தில் தேயும். உள் ஓரம் கண்ணில் படாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரை நம்பக்கூடாது.  

ஓடாமலே கெடும் டயரும் உண்டு. ஓய்வுபெற்றவர் வீட்டு வாசலில், வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போவதற்கென்று நிற்கும் காரில் பட்டன் புதிதுபோலவே இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பர் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளை அறுத்துக்கொண்டே இருக்கிறது. இதைத் தடுக்கத்தான் ரப்பரில் மெழுகும் 6பிபிடி என்ற வேதிப்பொருளும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காக்கும். பழைய டயர் பழுப்பேறித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நின்றே கிடக்கும் டயரில் இந்தக் கசிவு மந்தமாகிவிடும். வெயில் வேறு ரப்பரை இறுக்குகிறது. பக்கச்சுவரில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் ஆழத்தை அளப்பதில் பயனில்லை.

வயதைத் தெரிந்துகொள்வது எளிது. பக்கச்சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். ஆறு ஆண்டானால் மாற்றிவிடச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு. மிஷெலின் ஐந்தாம் ஆண்டிலிருந்து வருடாவருடம் சோதிக்கச் சொல்லி, பத்தாண்டுக்கு மேல் எக்காரணம் கொண்டும் கூடாது என்கிறது. நம் வெயிலுக்கு முதல் கணக்கே சரி. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் கடையில் ஒரு சின்ன வாக்குவாதம் காத்திருக்கிறது. "முன்னாடி போடுங்க சார், இழுக்கிறது முன்சக்கரம்தானே" என்பார் கடைக்காரர். டயர் நிறுவனங்கள் சொல்வது நேர்மாறு: புதிய ஜோடி பின்னால். முன்சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் கார் திரும்பாமல் நேரே போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் காரின் வால் சுழன்று முன்னே வந்துவிடும். அதை ஸ்டீயரிங்கால் சமாளிக்கப் பந்தய ஓட்டுநரின் கை வேண்டும். இந்த வாக்குவாதமே வேண்டாமென்றால், நான்கும் புதிதாக இருக்கும்போதிருந்தே எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்; நான்கும் ஏறத்தாழ ஒன்றாகத் தேயும்.

கழற்றிய டயரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் கடையிலேயே விட்டுவிடுங்கள். எதற்காவது உதவும் என்று மொட்டைமாடிக்கு ஏற்ற வேண்டாம். டயர் படுத்துக் கிடந்தாலும் நின்றிருந்தாலும் உட்குழியில் தேங்கும் மழைநீர் எளிதில் வடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான தொட்டில் கிடையாது. அதன் முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 1985இல் அமெரிக்காவின் டெக்சஸில் வேரூன்றிவிட்டதாகக் கண்டறியப்பட்ட ஆசியப் புலிக்கொசு, ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்களுக்குள் இருந்தே அங்கு போய்ச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் கண்ட முடிவு.