பிச்சாவரத்தில் ஹவுஸ்போட்டில் தங்கி மீன் பிடிக்கலாமா?

லாங் வீக்கெண்ட் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் ஆரம்பிப்பார்: "மச்சி, ஹவுஸ்போட் எடுத்து, ராத்திரி முழுக்க மீன் பிடிச்சு, அங்கேயே வறுத்துச் சாப்பிடலாம். பக்கத்துலதானே பிச்சாவரம்!"

பிச்சாவரம் கண்டிப்பாகப் போகலாம். ஆனால், இந்தத் திட்டத்தோடு அல்ல.

ஹவுஸ்போட் ஏன் இல்லை?

ஆலப்புழாவில் இருப்பது அகலமான காயல். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரமோ சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. கிளைகள் தலையில் உரசும் அளவுக்குக் குறுகலான வாய்க்கால்கள், ஆழமும் குறைவு. ஹவுஸ்போட் உள்ளே நுழையவே முடியாது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துடுப்புப் படகு, மோட்டார் படகுதான். அதுவும் பகலில்.

தூண்டில் போட்டால் என்ன?

இது காப்புக்காடு. 2022 முதல் ராம்சார் ஈரநிலமும்கூட. சுரபுன்னை வேர்களுக்கு இடையில்தான் இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குப் போகின்றன. தண்ணீரில் இறங்கி, கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இங்கே உண்டு. நமக்கு ஜாலி, அவங்களுக்கு அன்னிக்குச் சோறு.

அப்போ மீன் சாப்பாடு?

கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் மீனவர்களிடமே வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வரத்து குறையும், விலை ஏறும்.

காலையிலேயே படகு ஏறுங்கள். வெயில் குறைவு, பறவைகள் அதிகம். ராத்திரி தங்க சிதம்பரம் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை மட்டும் மறக்காமல் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்!